வாள்நூல் கண்ட பாவலர்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுப் பொருளில் ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, கொரிய நாட்டு மரபுவழி வாட்பயிற்சி பற்றி எழுதுகிறேன் என்றேன். கேட்ட அன்பர் சற்றே திகைத்தார். பாட்டரங்கும் நூலாய்வும் நடத்தி வந்த வட்டத்தின் மலரில் வாளுக்கு என்ன இடம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அவர் வாய்விட்டுக் கேளாத வினாவுக்கு விடை இதுதான்: கொரியர் இன்று தம் மரபு வாட்கலை என்று எதனைப் பயின்றாலும், அதன் வேரைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் 1790ஆம் ஆண்டில் எழுந்த ஒரு நூலின் முன்னே வந்து நிற்கின்றனர். அந்நூலை எழுதிய இருவரும் பாவலர்கள். வாளைத் தொழிலாகப் பிடித்தவர்கள் அல்லர்.

நூலின் பெயர் ‘மூயே தோபோ தொங்ஜி’. போர்க்கலைகள் அனைத்தையும் படத்தொடு விளக்கும் பெருந்தொகை எனப் பொருள் கொள்ளலாம். சீன எழுத்தில் நான்கு மடலங்களும், கற்றறியாத வீரரும் படித்துணரும்படி கொரிய எழுத்தில் ஒரு மடலமுமாக அது அமைந்தது. தரைமீது நின்று செய்வன 18, குதிரைமீது அமர்ந்து செய்வன 6, ஆக 24 பயிற்சிகளை அது கூறுகின்றது. ஈட்டி, கேடயம், தடி, வெறுங்கைப் போர், குதிரையேறி ஆடும் பந்தாட்டம் ஆகியனவும் அதனுள் அடங்கும். எனினும் நூலின் உயிர்ப்பகுதி வாள் பற்றியதே என்பது என் கருத்து. ஏன் அவ்வாறாயிற்று என்பதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கொரியர் வில்லிற் சிறந்தவர். ஜோசொன் அரசின் படைத்தேர்விலும் வில்லுக்கே முதன்மை இருந்தது. 1592ஆம் ஆண்டு ஜப்பானியப் படை புசான் துறையில் இறங்கியபோது இந்த முதன்மையே குறையாகி விட்டது. துப்பாக்கி தொலைவில் கொன்றது. நெருங்கி வந்தபின் நீண்ட வாள் கொன்றது. ஏறத்தாழ இருபது நாளில் தலைநகர் வீழ்ந்தது. அரசர் சொன்ஜோ வடக்கு நோக்கி ஓட நேர்ந்தது. 1593ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிங் பேரரசின் படை வந்து பியொங்யாங் நகரை மீட்டது. அப்படையின் தென்னாட்டு வீரர்கள் சீ ஜிகுவாங் என்னும் தளபதி வகுத்த முறையிற் பயின்றவர்கள் எனவும், அவர் எழுதிய ‘ஜிசியாவ் சின்ஷு’ என்னும் நூலே அம்முறைக்கு மூலம் எனவும் அறிந்த சொன்ஜோ, அந்நூலைப் பெற முயன்றார். ஹான் கியோ என்னும் அறிஞர் மிங் படையதிகாரிகளிடம் ஐயம் கேட்டுக் கேட்டு, 1598ஆம் ஆண்டில் ஆறு பயிற்சிகளைக் கொண்ட ‘மூயே ஜெபோ’ என்னும் சிறுநூலை ஆக்கினார். அவற்றுள் வாள் ஒன்றே ஒன்று: இரு கைகளாலும் பற்றும் நெடுவாள். அந்த நெடுவாளின் கதை வேடிக்கையானது. சீனக் கடற்கரையைக் கொள்ளையிட்ட ஜப்பானியரோடு பொருதபோது அவர்தம் வாளின் கொடுமையைக் கண்டே சீ ஜிகுவாங் அதனைத் தம் படைக்குப் பயிற்றினார். ஆகவே ஜப்பானிய வாளுக்கு மாற்றாகக் கொரியர் சீனரிடம் கற்றது, ஜப்பானியரிடமிருந்து வந்த வாளே.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1759ஆம் ஆண்டில், தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த இளவரசர் சாதோ, மேலும் 12 பயிற்சிகளைச் சேர்த்து ‘மூயே சின்போ’ என்னும் நூலைத் தொகுப்பித்தார். இன்றைய வாட்பயிற்சியாளர் போற்றும் வகைகளுட் பல இவ்வாறுதான் படைக்குள் நுழைந்தன. மூன்றாண்டு கழித்து, 1762ஆம் ஆண்டில், அதே இளவரசரைத் தந்தை யொங்ஜோ அரிசிப் பெட்டியினுள் அடைத்துச் சாகவிட்டார். அப்போது சாதோவின் மகனுக்குப் பத்து வயது. அம்மகனே 1776ஆம் ஆண்டில் அரியணை ஏறிய ஜொங்ஜோ. மறு ஆண்டே அவர் உயிரைக் கவரக் கொலையாளிகள் அரண்மனைக்குள் புகுந்தனர். இத்தகைய அரசர் தமக்கென ஒரு காவற்படையை அமைத்துக் கொண்டதிலும், தந்தை தொகுத்த போர்நூலை விரித்தெழுதச் செய்ததிலும் வியப்பில்லை. 18 பயிற்சிகள் தந்தை விட்டுச் சென்றவை. குதிரைப் பயிற்சிகள் ஆறும் மகன் சேர்த்தவை. அவமானத்தோடு மறைக்கப்பட்ட தந்தையின் பெயரை அரசு நூல் ஒன்றில் மதிப்போடு எழுதுதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைத்திராது.

இப்பணிக்கு அவர் தேர்ந்தவர் மூவர். முதல்வர் ஈ தோக்மூ. 1741இல் பிறந்தவர். தம்மையே ‘புத்தகம் மட்டும் பார்க்கும் மூடன்’ என்று எழுதிக்கொண்டவர். குளிர் தாங்காத ஓரிரவில் ஹான் வரலாற்று நூலைப் போர்வையாக அடுக்கி, கன்பூசியரின் உரைநூலைக் காற்று மறைப்பாக நிறுத்தித் துயின்றார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. பசி பொறாமல் மென்சியசு நூலை விற்றுச் சோறுண்டு, அதனை நண்பர் யூ தூக்கோங்கிடம் பெருமையாகச் சொல்ல, நண்பரும் தம் நூலொன்றை விற்று மது வாங்கி வந்தார் என்பதும் அவர் எழுதியதே. நூலை விற்றுண்ட பாவலர்கள் எந்நாட்டிலும் உண்டு போலும். அடுத்தவர் பாக் ஜெகா, 1750இல் பிறந்தவர். 1778ஆம் ஆண்டில் இருவரும் பெய்ஜிங் சென்றனர். அங்குக் கண்ட வண்டியையும் செங்கல்லையும் வாணிகத்தையும் கண்டு தம் நாட்டார் கற்க வேண்டுவன பல என்று துணிந்து ஒரு நூலெழுதினார் பாக் ஜெகா. இவ்விருவரும் யூ தூக்கோங், ஈ சொகு என்னும் வேறிருவருமாக நால்வர் பாக்களைக் கொண்ட தொகுதி அதற்கு முன்பே சீனநாட்டில் அறியப்பட்டிருந்தது.

இத்துணைப் புலமை இருந்தும் ஈ தோக்மூவும் பாக் ஜெகாவும் உயர்பதவிக்கு உரியரல்லர். மனைவியல்லாத மகளிர் வழியில் வந்த குடும்பத்தினரைத் தேர்வுக்கும் பதவிக்கும் தகாதார் என விலக்கி வைப்பது ஜோசொன் வழக்கம். ஜொங்ஜோ தாம் நிறுவிய கியூஜாங்காக் என்னும் அரச நூலகத்தில் 1779ஆம் ஆண்டு இவர்களுக்கு நூல் சரிபார்க்கும் சிறுபதவி ஒன்றைத் தந்தார். பதவி சிறிது, எனினும் நாட்டின் நூல்கள் எல்லாம் அவர்கள் கைக்கெட்டின.

மூன்றாமவர் பேக் தோங்சு. வாள்மறவர். இவர் தமக்கையைத்தான் ஈ தோக்மூ மணந்திருந்தார். இவரும் விலக்கப்பட்ட வழியினரே. 1771ஆம் ஆண்டில் படைத்தேர்வில் வென்றும் பதவி கிட்டாமல், காங்வொன் மலைநாட்டிற்குக் குடிபெயர்ந்து உழுதுண்டார். அவர் புறப்பட்டபோது பெருநாவலர் பாக் ஜிவொன் வழியனுப்பு உரையொன்று எழுதித் தந்தார். பின்னர் ஜொங்ஜோவின் காவற்படையான ஜாங்யொங்யொங் அவரை அழைத்துக்கொண்டது. பாவலர் இருவரும் நூல்களைப் புரட்டி ஒப்பிட்டனர். பேக் தோங்சு படைவீரரைக் கொண்டு ஒவ்வொரு அசைவையும் செய்து காட்டிச் சரிபார்த்தார். எழுத்து ஒருபுறமும் உடல் மறுபுறமும் இருந்து ஒன்றையொன்று திருத்திய இம்முறையே அந்நூலின் தனிச்சிறப்பு என்பேன். போர்க்கலை வல்லோர் தாமே எழுதிய நூல்கள் பல உண்டு. அவற்றுள் பல தம் மாணாக்கருக்கன்றிப் பிறர்க்கு விளங்குவதில்லை. ஆசிரியர் அருகிருந்து காட்டுவார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை. கையில் வாளெடாத இருவர் எழுதியமையால், எடாதவனுக்கும் விளங்க வேண்டும் என்ற கவலை இந்நூலில் ஏறியது.

நூலின் அமைப்பைக் கூறுவேன். ஒவ்வொரு படைக்கலத்துக்கும் முதலில் அதன் உருவப்படம், நீளம், எடை, தோற்றம் பற்றிய ஆய்வு வரும். வாள் பற்றிய இடத்தில், இருபுறம் கூருடையதும் ஒருபுறம் கூருடையதும் முன்னாளில் வேறு வேறு பெயர் பெற்றிருந்தன, பின்னாளில் பெயர்கள் கலந்து விட்டன என்று சொல்லாய்வும் செய்கிறார்கள். பாவலர் அல்லவா! அதன்பின் நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் மனிதவுருப் படமும், எந்தக் கை, எந்தக் கால், எத்திசை என்னும் குறிப்பும் உண்டு. இறுதியில், நிலைகளின் பெயர்களை நிகழும் வரிசைப்படி கோட்டால் இணைத்த வழிப்படம் ஒன்றும், அதே வரிசையில் சிறு உருவங்களை நிறுத்திய படம் ஒன்றும் தரப்பெறும். பயில்வோன் முன்னே செல்வதும் திரும்புவதும் பின்வாங்குவதும் தாளிலேயே தெரியும்.

நிலைகளின் பெயர்களைச் சொன்னால் நம் வட்டத்தார் மகிழ்வர். பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல்; கடும்புலி காட்டில் ஒளிதல்; புல்லை விலக்கிப் பாம்பைத் தேடல்; வெண்குரங்கு குகைவிட்டு வெளிப்படல்; தூதன் நேரே சென்று ஓலை கொடுத்தல். கடைசியாகச் சொன்னது ஒரு குத்து! இவை அழகுக்காக மட்டும் இட்ட பெயர்கள் அல்ல. பொற்சேவல் என்றதும் பயில்வோன் வாளை உயர்த்தி, ஒரு காலைத் தூக்கிப் பின்னே நோக்க வேண்டும் என்பது உடலுக்கு நினைவு வருகிறது. கட்டளையாகச் சொன்னால் நான்கு சொற்றொடர் வேண்டும். உவமையாகச் சொன்னால் ஒன்று போதும். இன்னொரு நிலைக்கு ‘எதிர்ச்செதில்’ என்று பெயர். யாளியின் தொண்டையில் ஒரு செதில் மட்டும் எதிர்ப்புறமாக வளர்ந்திருக்கும், அதனைத் தொட்டவனை யாளி கொல்லும் என்பது பழஞ்சீன அறிஞர் ஹான் ஃபெய் சொன்ன கதை. அரசனின் சினத்துக்கு அவர் காட்டிய உவமை. வாள்நூலில் அது கழுத்தை நேரே குத்தும் நிலை. அரசரின் சினம் இன்னதென அறிந்த அரண்மனைப் பாவலர் அப்பெயரை எழுதுகையில் என்ன எண்ணினாரோ!

இந்த எதிர்ச்செதில் இடம்பெறும் வாள்முறையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். இன்று ‘ஜோசொன் செபொப்’, அதாவது கொரிய வாள்நிலைகள் என வழங்கும் 24 நிலைகள் கொரியாவில் கிடைத்தவை அல்ல. 1621ஆம் ஆண்டில் மாவ் யுவான்யீ என்னும் சீனர் ‘ஊபேய் ஜி’ என்னும் பெரும் போர்நூலை வெளியிட்டார். பண்டை வாள்முறை சீனத்தில் மறைந்துவிட்டது, ஆர்வமுடைய ஒருவர் அதனை ஜோசொன் நாட்டிற் கண்டெடுத்தார் என்று சொல்லி அந்நிலைகளை அவர் அதிற் பதித்தார். கொரியரோ தம் நாட்டில் அது இருந்ததையே மறந்திருந்தனர். சீன நூலின் வழியாகவே அது தாயகம் திரும்பியது. 1790ஆம் ஆண்டு நூலிலும் அவ்வாறே சேர்க்கப்பட்டது. மேலும் நான்கு நிலைகளும் அதனோடு கூட்டப்பட்டன.

இவ்விடத்தில் தொகுப்பாசிரியர் என்ன செய்திருக்கலாம் என எண்ணிப் பாருங்கள். ‘நம் முன்னோர் கலையைச் சீனரே போற்றினர்’ என்று முழங்கியிருக்கலாம். அல்லது சீன நூலின் பெயரையே மறைத்து, தொன்றுதொட்டு நம்மிடம் இருந்தது என்றும் எழுதியிருக்கலாம். அவர்கள் இரண்டும் செய்யவில்லை. நம் நாட்டார் தாமே கற்றுத் தாமே கைமாற்றாமல், மாவ் யுவான்யீயின் நூல் வரும்வரை ஏன் காத்திருந்தனரோ, அறியோம் என்னும் பொருள்பட எழுதினார்கள். அறியோம் என்று அரசு நூலில், அரசர் பார்வைக்குச் செல்லும் நூலில் எழுதுவது எளிதன்று.

‘பொன்குக் கொம்’, அதாவது தன்னாட்டு வாள் என்னும் முறைக்கும் இதே நேர்மையைக் காண்கிறோம். சில்லா நாட்டுச் சிறுவன் ஹ்வாங்சாங் பகைநாடான பேக்ஜேயில் வாள்கூத்து ஆடிப் புகழ்பெற்று, அரசன் முன் ஆட அழைக்கப்பெற்று, ஆட்டத்தினிடையே அரசனைக் குத்திக் கொன்றான் என்னும் பழங்கதையை ஆசிரியர் எடுத்துக் காட்டுகின்றனர். மூலம் சுட்டியே காட்டுகின்றனர். ஆயின் அம்முறையின் நிலைப்பெயர்களுட் சில சீ ஜிகுவாங்கின் நெடுவாளிலும் உள்ளன என்பதை நூலைப் படிக்கும் எவரும் காணலாம். வாளேந்திப் பகைவனை எதிர்நிற்றல் என்னும் தொடக்க நிலையே இரண்டிலும் உண்டு. இன்றைய ஆய்வாளர் சிலர், தன்னாட்டு வாள் இப்போதுள்ள வடிவில் ஜோசொன் காலத்துப் படைப்பயிற்சியின் ஆக்கம் என்பர். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. அதனால் அதன் பெருமை குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை.

பகைவரின் வாளையும் அவர்கள் ஒதுக்கவில்லை. ‘ஜப்பானிய வாள்’ என்று வெளிப்படையாகப் பெயரிட்டே ஒரு பகுதி அமைத்தனர். 1674 முதல் 1720 வரை ஆண்ட சுக்ஜோங் காலத்துப் படைவீரர் கிம் செகொன் தூதுக்குழுவொடு ஜப்பான் சென்று, வாள்நூல் பெற்று, நான்கு பள்ளிகளின் முறைகளைக் கற்றுத் திரும்பினார். அரசர் அழைத்துச் சோதித்தபோது, குதிகாலைத் தூக்கிப் பெருவிரலால் நடந்து வாளைச் சுழற்றிக் காட்டினார் என்கிறது நூல். இருவர் எதிரெதிர் நின்று பொருதும் பயிற்சியையும் அவர் வகுத்தார். அதன் முடிவில் இருவரும் வாளை எறிந்துவிட்டு மற்போரில் இறங்குகின்றனர். வாட்பயிற்சி வெறும் அழகியல் அன்று, வாள் கைநழுவிய பின்னும் உயிர் காக்க வேண்டும் என்பதை நினைவூட்டும் படம் அது. கிம் செகொனின் மகன் கிம் குவாங்தேக். அவரிடம் கற்றவரே நம் பேக் தோங்சு. இவ்வாறு ஜப்பானில் கற்ற வாள் மூன்று தலைமுறைக்குள் கொரிய நூலுள் அமர்ந்தது.

இன்னொன்று. நூலின் பின்னே வேறுபாட்டு அட்டவணை ஒன்று உண்டு. ஒரே பயிற்சியைத் தலைநகரின் வெவ்வேறு படைப்பிரிவுகள் வெவ்வேறாகச் செய்து வந்தன. ஒருமைப்படுத்துவதே அரசரின் நோக்கம். ஆயினும் வேறுபாடுகளை அழித்துவிடாமல், எந்தப் பிரிவு எங்கு வேறுபட்டது எனப் பட்டியலிட்டு வைத்தனர். பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியரின் வழக்கத்தை வாளுக்கும் கொண்டு சென்றவர்கள் இவர்கள்.

அரசரின் அருள் நெடிது நிற்கவில்லை. 1792ஆம் ஆண்டில் ஜொங்ஜோ, புதுநடை உரைநடை நாட்டைக் கெடுக்கிறது எனச் சினந்து, பழைய நடைக்குத் திரும்புமாறு எழுத்தாளரைப் பணித்தார். குற்றம் சாட்டப்பட்டோருள் ஈ தோக்மூவும் பாக் ஜெகாவும் இருந்தனர். மறு ஆண்டே ஈ தோக்மூ மறைந்தார். அவர் எழுத்தைத் தொகுத்து அச்சிட அதே அரசர் பொருளளித்தார். 1800இல் ஜொங்ஜோ இறந்தார். 1801இல் பாக் ஜெகா வடகோடியிலுள்ள ஜொங்சொங் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். மீண்டு வந்து 1805இல் மாண்டார். 1802இல் ஜாங்யொங்யொங் படை கலைக்கப்பட்டது. பேக் தோங்சு மட்டும் 1816 வரை வாழ்ந்தார்.

1907ஆம் ஆண்டில் ஜப்பானியர் வற்புறுத்தலால் கொரியப் படை முற்றும் கலைக்கப்பட்டது. 1910இல் நாடே பறிபோனது. பள்ளிகளிலும் காவல்துறையிலும் மூங்கில் வாளும் மார்புக்கவசமும் கொண்ட ஜப்பானிய கெண்டோ பரவியது. விடுதலைக்குப் பின் அதனையே கொரியர் கும்தோ எனப் பெயர் மாற்றிப் பயின்றனர். 1953இல் அதற்கெனச் சங்கம் அமைத்தனர். பிற்காலத்தில் அச்சங்கத்தாரே தன்னாட்டு வாளையும் ஜோசொன் நிலைகளையும் நூலிலிருந்து மீட்டுத் தம் பாடத்திற் சேர்த்தனர். வேறு சிலரும் தனித்தனியே மீட்டெடுத்தனர். அவர்களுள் இம் தோங்கியூவை நினையாதிருக்க இயலவில்லை. 1979ஆம் ஆண்டில் அரசியல் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற அவர், சிறையினுள்ளே இந்நூலைப் பயின்று, வெளிவந்தபின் 24 பயிற்சிகளையும் இளைஞர்க்குக் கற்பித்தார். பாவலர் எழுதியதன் பயன் அங்கே தெரிந்தது: ஆசிரியர் இல்லாத இடத்தில் நூல் ஆசிரியராயிற்று.

1980களில் வேறொரு போக்கும் எழுந்தது. கோகுரியோ காலத்து மலைவீரரிடமிருந்து அறுபடாமல் வந்தது தம் வாட்கலை எனச் சில பள்ளிகள் கூறிக்கொண்டன. சான்று கேட்டோர்க்குக் கிடைத்தது கதையே. இன்று அப்பள்ளிகளில் வைக்கோற் கட்டையும் பச்சை மூங்கிலையும் வெட்டிப் பழகுவோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்தம் உழைப்பை நான் குறைகூறேன். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைச் சுட்டி, எது சீனம், எது ஜப்பான், எது தெரியாது என்று எழுதி வைத்த மூவரின் வழியினருக்கு இப்பொய் தேவைதானா என்பதே என் மனக்குறை.

2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இந்நூல் இடம்பெற்றது, முன்மொழிந்தது வடகொரியா. தென்கொரியாவில், ஜொங்ஜோ 1794 முதல் 1796 வரை கட்டிய சுவோன் நகரின் ஹ்வாசொங் கோட்டையில், அரண்மனை வாயிலின் முன் இந்த 24 பயிற்சிகளும் பார்வையாளர்க்கு நிகழ்த்திக் காட்டப்படுகின்றன. பிளவுண்ட நாட்டின் இருபாலும் ஒரே நூலைத் தமதென்கின்றன.

அந்நூலின் மறுபதிப்பை நண்பர் ஒருவர் வீட்டிற் கண்டேன். பொற்சேவல் நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே கால் எவ்வாறு தரைக்கு வந்தது என்பதைப் படம் காட்டவில்லை. இரு படங்களுக்கு இடையேயுள்ள வெள்ளைத்தாளில் அது கிடக்கிறது. மீட்டெடுத்த பள்ளிகள் ஒன்றோடொன்று மாறுபடுவது பெரும்பாலும் அவ்வெள்ளையிடத்தே. நண்பர் உள்ளே சென்ற வேளை பார்த்து, அவர்தம் குடையை எடுத்து, ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.